ஸ்பிரிங் மாற்றிய காரில் ஒரு சொம்பு தண்ணீர்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதிக்கவில்லை. என் அண்ணன் சரவணக்குமாரின் காருக்கு அடியில், தரை உரசும் இடத்தில் பிறந்தது. மாலை நேரக் கதை வகுப்பில் 'தெரிந்ததை எழுதுங்கள்' என்றார்கள். எனக்குத் தெரிந்தது வேகத்தடைகள்.

முதல் தொடக்கம்: 'திருமயம் கோட்டைக்குப் பின்னால் சூரியன்...' (விட்டுவிட்டேன். சூரியனுக்கும் சஸ்பென்ஷனுக்கும் சம்பந்தமில்லை.)

2

அண்ணன் ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்தினான்.* வேகத்தடை வந்தால் எல்லோரும் இறங்கி, நடந்து தாண்டி, அந்தப் பக்கம் ஏறிக்கொள்வோம். வயிற்றுப் பிள்ளையோடு அண்ணி சத்யபிரியாவும். ஒருமுறை பஸ் கண்டக்டர் எட்டிப் பார்த்துக் கேட்டார்: "நடந்தே போறதுக்கு காரு எதுக்குங்க?"

(*வகுப்பில் இதற்குப் பெயர் பாத்திரத்தின் குறை. எங்கள் வீட்டில் ஸ்டைல்.)

நாளை வளைகாப்பு. முடிந்ததும் அண்ணி ஆவுடையார்கோவிலுக்கு, தாய் வீட்டுக்குப் போக வேண்டும். போன வாரமே அண்ணனிடம் சொல்லிவிட்டார்:

"நான் பஸ்லயே போறேங்க. ஒங்க வண்டி வயித்துல ஒதைக்குது."

"புள்ள ஒதைச்சிருக்கும்."

"வெளையாடாதீங்க. செக்கப் போயிட்டு வந்து ராத்திரி பூரா வலில கெடந்தேன்ல?"

அண்ணன் மறுநாளே மெக்கானிக்கிடம் போனான்.

3

"பழைய உசரத்துக்கே தூக்கிருவோம்" என்றார் மெக்கானிக் பெரியண்ணன். "புது ஸ்பிரிங், புது ஷாக். பஞ்சு மாதிரி போகும்."

"பஞ்சு மட்டும் போதும்ணே. உசரம் வேணாம்."

"அப்ப தலகாணி வாங்கிக்கங்க."

கடைசியில் பாதி உயரத்துக்கு உடன்பாடு. மீதிப் பாதி அண்ணனின் மானம்.

(முதல் பிரதியில் அண்ணன் இந்த இடத்தில் மனம் திருந்தி அழுதான். படித்துவிட்டு, "நான் எப்படா அழுதேன்?" என்றான். அடித்துவிட்டேன். எனக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது.)

4

இன்று வண்டி வந்தது. அண்ணி ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு என்னிடம் நீட்டினார்.

"தம்பி, இத மடில வச்சுக்கிட்டு அறந்தாங்கி ரோட்டுல ஒரு சுத்து போயிட்டு வாங்க. சிந்தலன்னா நாளைக்கு ஏறுறேன்."

மடியில் துண்டை விரித்து உட்கார்ந்தேன். வேகத்தடைகளை உட்கார்ந்தபடியே தாண்டினோம். உண்மையாகவே மென்மை, எழுதவே கூச்சமாக இருக்கிறது. பிறகு ஒரு பள்ளம். ஒரு வாய்த் தண்ணீர் சிந்தியது.

அண்ணன் தெருக்குழாயடியில் நிறுத்தினான். சொம்பை நிரப்பினான். துண்டைப் பிழிந்தான். "அவ பயப்படுவாடா" என்றான்.

5

முடிவு அ: உண்மையைச் சொல்கிறேன். அண்ணி பஸ்ஸில் போகிறார். பஸ்ஸுக்கு யாரும் ஸ்பிரிங் மாற்றவில்லை.

முடிவு ஆ: பொய் சொல்கிறேன். அண்ணி காரில் போகிறார். பஸ்ஸைவிட அது சுகம்தான். ஆனால் சொம்பை நிரப்பினால் போதும் என்று அண்ணன் கற்றுக்கொள்கிறான்.

முடிவு இ: நான் மிகவும் நுட்பமாக... (இல்லை. எனக்கு அவ்வளவு நுட்பம் வராது.)

வாசலில் அண்ணி. "சிந்துச்சா தம்பி? நீங்க சொன்னா நம்புவேன்."

அவருக்குப் பின்னால் நின்று அண்ணன் 'இல்லை' என்று தலையை ஆட்டுகிறான்.

வாசகரே, பதிலை நீங்களே சொல்லிவிடுங்கள். தைரியமாகச் சொல்லலாம். நாளைக்கு ஏறப்போவது நீங்களில்லையே.