சத்தம் இல்லாத பதினொரு இடங்கள்

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல, அந்த ஜப்பானிய நடிகர் தன் படங்களில் பேசவே மாட்டார். இயக்குவதும் அவரே, நடிப்பதும் அவரே. அடித்தாலும் அணைத்தாலும் முகம் ஒன்றுதான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நமக்கு அழுகை வந்துவிடும். எப்படித்தான் செய்கிறாரோ, மனுஷன்!

காது கேளாதவர்களுக்காகப் படங்களில் எழுத்து போடுவது என் வேலை. வசனம் மட்டுமல்ல, கதவு சாத்துவது, நாய் குரைப்பது, எல்லாவற்றையும் எழுத வேண்டும். அவருடைய படம் ஒன்று என்னிடம் வந்ததும் உள்ளூரக் குதித்தேன். காரணம் என் வீட்டுக்காரர். இருபது வருஷம் அச்சு இயந்திரத்தோடு நின்றதில் காது மந்தமாகி, போன வருஷம் சுத்தமாகப் போய்விட்டது. அதோடு என்னுடன் உட்கார்ந்து படம் பார்ப்பதையும் விட்டுவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சண்டை போடாமல் செய்த ஒரே காரியம் அதுதான். அதுவும் போனால் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி ஆகிவிடுவோம் என்று பயந்தேன். பேச்சே இல்லாத இந்தப் படத்தையாவது என் எழுத்தோடு பார்ப்பார் என்று ஒரு நப்பாசை.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கெஞ்சிக் கூத்தாடி அவரைச் சோபாவில் உட்கார வைத்தேன். முக்கால் மணி நேரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் அந்தக் காட்சி வந்தது. மகளை ரயிலேற்றிவிட்டு ஜப்பானியர் நடைமேடையில் நிற்கிறார். ரயில், காற்று, கூட்டம் என்று எல்லாச் சத்தத்தையும் அறுத்துவிட்டு, ஒரு நிமிஷம் முகத்தை மட்டும் காட்டுகிறார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இவரோ திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அழற. அப்போ அங்க ஏதோ கேக்குது. பாட்டா? எதுக்கு எழுதாம விட்ட?"

"ஒண்ணுமே கேக்கலைங்க" என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன்.

"எனக்குக் காதுதான் போச்சு, புத்தி போகல" என்று எழுந்து போய்விட்டார்.

எனக்கும் மூக்குக்கு மேல் கோபம். சத்தம் இருந்தால்தான் எழுத்து என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். சமையலறையில் பாத்திரங்களை உருட்டித் தள்ளினேன். அவருக்குத்தான் கேட்காதே, அதுவும் வீண். பிறகுதான் உறைத்தது. எழுத்து இல்லாத இடத்தில் சத்தமே இல்லையா, இல்லை நான் விட்டுவிட்டேனா என்று அவருக்கு எப்படித் தெரியும்? என் மேலேயே ஆத்திரம் வந்தது.

படத்தில் அப்படிப் பதினொரு இடங்கள். ஒவ்வொன்றிலும், முகத்தை மறைக்காமல் ஓரமாக, "சத்தம் எதுவும் இல்லை, யாருக்கும் கேட்காது" என்று எழுதினேன். மேலதிகாரி கத்துவார். கத்தட்டும்.

அடுத்த ஞாயிறு அவரைக் கூப்பிடவில்லை. நான் பாட்டுக்குப் படத்தைப் போட்டேன். தண்ணீர் குடிக்கப் போன மனுஷர் நடைமேடைக் காட்சியில் அப்படியே நின்றார். எழுத்தைப் படித்தார்.

"யாருக்குமேவா?"

தலையாட்டினேன்.

"உனக்கும்?"

"எனக்கும்தான்" என்று உதட்டை அசைத்தேன்.

திரும்பித் திரையைப் பார்த்தார். பிறகு சோபா பக்கம் வந்தார்.

"தள்ளி உக்காரு. ரெண்டு பேரும் சேந்து கேக்காம இருப்போம்."