அண்ணி ஊரில் இல்லை

புறப்பட இன்னும் அரை மணி நேரம் இருந்தபோது தேதி, காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லர் வீட்டுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தாள். பயணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த வெளிர்நீலச் சட்டையின் முதுகு முழுக்க மண். கைபேசி விளக்கை டயரின் உள்பக்கம் அடித்து, எச்சில் தொட்ட விரலால் அழுக்கைத் துடைத்தாள். நான்கு இலக்கங்கள் தெரிந்தன. 3113.

வீட்டில் அவளுக்குத் தேதி என்றுதான் பெயர். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. புட்டிகளின் காலாவதித் தேதியைப் பார்ப்பது அங்கே பாதி வேலை. அது கையோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. ரொட்டி, பால், பற்பசை, அடுப்பின் ரப்பர் குழாய் எதுவானாலும் திருப்பிப் பார்த்த பிறகுதான் கீழே வைப்பாள். பெயர் சூட்டியவள் கணவனின் அக்கா. "நல்லவேளை, என் தம்பி முதுகுல எதுவும் அச்சடிக்கல. அடிச்சிருந்தா இவ இவனைக் கட்டிக்கிட்டிருக்கவே மாட்டா" என்று கல்யாணமான மாதமே சொல்லிச் சிரித்தவள்.

தேதி பார்ப்பாளே தவிர, வாய் திறந்து சொல்ல மாட்டாள். நாலு பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் 'இது கெட்டுப்போயிற்று' என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழாது. வேலையிடத்து ஒட்டுச்சீட்டு ஒன்றைக் கிழித்து, எழுதி, ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். பையில் இப்போதும் ஒரு சுருள் இருந்தது. ஆனால் டயரில் எதை ஒட்டினாலும் முதல் சுற்றிலேயே அது அடியில் போய்விடும்.

3113. டயர் செய்த காலம் அது: இரண்டாயிரத்துப் பதிமூன்றாம் வருடத்தின் முப்பத்தோராவது வாரம். கழித்துப் பார்த்தாள். பதினொரு வயது.

டிரெய்லரோடு வந்த கையேட்டைப் படித்தது இந்த வீட்டில் அவள் ஒருத்திதான். மூன்று தடவை படித்திருந்தாள். ஓடாமல் நிற்கும் டயருக்கும் வயதாகும் என்று அதில் இருந்தது. வெயில் குடித்து, ஒரே இடத்தில் பாரம் தாங்கி, பார்வைக்குப் புதிதாகவே இருந்து, ஐந்தாறு வருடத்தில் ரப்பர் உள்ளுக்குள் இறுகிவிடும். பள்ளம் தேயாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். கட்டில், அடுப்பு, பாத்திரம், துணி என்று ஒரு வீட்டின் மொத்தப் பாரமும் ஒற்றை அச்சில் ஏறி, இந்த இரண்டு டயரில்தான் உட்கார்ந்திருந்தது.

"அடியில என்னடி பண்ற? வண்டி நகர்ந்தா தட்டையாயிடுவ!" நாத்தனாரின் செருப்பு மட்டும் தெரிந்தது. புதுச் செருப்பு.

"தேதி பாக்கறா அக்கா" என்றான் கணவன், காரின் கொக்கியில் டிரெய்லரை மாட்டிக்கொண்டே.

"டயருக்குமா? இருக்கட்டும், இருக்கட்டும். ரோட்டுக்கு என்ன தேதின்னும் பாத்துட்டு வரச் சொல்லு."

அந்தக் குரலில் இருந்த துள்ளல்தான் தேதியை வெளியே வரவிடாமல் செய்தது. நாத்தனார் தையற்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. இருபத்தாறு வருடமாகப் பள்ளிச் சீருடை தைக்கிறாள். ஊரிலுள்ள பாதிப் பேர் அவள் தைத்த கால்சட்டையில்தான் படித்து முடித்தார்கள். மெஷினுக்கு எதிரே ஒரு சன்னல். சன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சாம்பல்நிறச் சுவர். "எங்க வேணா கூட்டிட்டுப் போங்க. சன்னலத் திறந்தா அந்தச் செவுரு தெரியக் கூடாது, அவ்வளவுதான்" என்று இந்த டிரெய்லரை ஒரு வாடிக்கையாளரிடமிருந்து வாங்கியவள். கொட்டகையில் நின்ற வண்டி, இரண்டே தடவைதான் வெளியே போயிருக்கிறது என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தவள். கடைக் கதவில் நேற்றே பலகை தொங்கிவிட்டது: 'பத்து நாள் விடுமுறை. தையற்காரர் ஊரில் இல்லை.'

தேதி உருண்டு வெளியே வந்தாள். எழுந்து நின்றாள். முதுகைத் தட்டிவிடத் தோன்றவில்லை.

"அண்ணி, போகக் கூடாது."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டாள். கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"டயருக்குப் பதினோரு வயசு. ரெண்டுக்குமே. ஸ்டெப்னிக்கும்."

"கண்ணு தெரியலையா உனக்கு? விரல விட்டா பாதி உள்ள போகுது, அவ்வளவு பள்ளம். அப்படியே கடையில இருந்து வந்த மாதிரி இருக்கு."

"தேயல அண்ணி. வயசாயிடுச்சு."

"எனக்கும்தான் அம்பத்தி மூணாச்சு. என்னையும் கழட்டி வெச்சிருவியா?"

கணவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "மெதுவாப் போனா என்ன? நாப்பதுக்கு மேல போகாம…"

"நாப்பதுல வெடிச்சாலும் வெடிச்சதுதான்" என்றாள் தேதி. தன் குரலைத் தானே கேட்டதுபோல் இருந்தது. காது சுட்டது. போய் ஒளிந்துகொள்ள டிரெய்லரின் அடி மறுபடியும் வசதியாகத் தெரிந்தது.

நாத்தனார் கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு டயரின் முன் குந்தினாள். அடிப்பக்கம், பாரத்தில் ரப்பர் பிதுங்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். துணியின் நெசவு பார்க்கும் அதே அழுத்தல். தலைமுடி மாதிரி மெல்லிய கோடுகள் விரலுக்கு இருபுறமும் வாய் திறந்தன. விரலை எடுத்தாள், மூடிக்கொண்டன. மறுபடி அழுத்தினாள்.

"பெட்டித் துணி" என்றாள் கடைசியில். "வருஷக் கணக்கா கட்டாம பெட்டியிலயே மடிச்சு வெச்சிருப்பாங்க. புதுசுக்கா, பிரிக்கவே இல்லன்னு கொண்டாந்து குடுப்பாங்க. பாத்தா பளபளன்னு இருக்கும். உதறினா மடிப்போட விட்டுப்போயிரும்." முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "எத்தனை பேருக்குத் திருப்பிக் குடுத்திருக்கேன். என் வண்டியிலயே எனக்குத் தெரியல பாரு."

டயர்க்கடைக்குத் தேதிதான் பேசினாள். புது டயர் வர நான்கு நாள் ஆகுமாம். அதே அளவில் கார் டயர் கையிருப்பில் இருக்கிறது, இன்றே மாட்டித் தருகிறேன் என்றார் கடைக்காரர். அளவு ஒன்றாக இருந்தாலும் அது தாங்கும் எடை போதாது, டிரெய்லருக்கென்று செய்ததுதான் வேண்டும் என்றாள். எப்போது செய்தது என்று பார்த்துத்தான் வாங்குவேன் என்றும் சொன்னாள். பேசி முடித்தபோது கைபேசி வியர்வையில் வழுக்கியது.

நாத்தனார் கடைக் கதவுப் பக்கம் நடந்தாள். பலகையைக் கழற்றப்போகிறாள் என்று நினைத்தாள் தேதி. இருபத்தாறு வருடத்தில் ஒரே ஒரு விடுமுறைப் பலகை. நாத்தனார் அதைத் தொட்டு, ஒரு பக்கம் சாய்ந்திருந்ததை நேராக்கினாள்.

"ஊர்ல இல்லன்னு எழுதியாச்சு. அப்போ இல்லதான்."

பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று டிரெய்லருக்குள் ஏறினாள். சன்னல் திறந்தது. தலை வெளியே வந்தது.

"ஐயய்யோ, இங்கேயும் அதே செவுருதானா? டேய், வண்டியத் திருப்புடா!"

கொக்கியைக் கழற்றிவிட்டு, கணவனும் தேதியும் தள்ள, நாத்தனார் இறங்காமல் சன்னலிலிருந்தே வழி சொல்ல, முற்றத்துக்குள்ளேயே டிரெய்லர் அரைவட்டம் அடித்தது. இப்போது சன்னலுக்கு நேரே பக்கத்து வீட்டுத் துணிக்கொடியும், ஒரு மரமும், மரத்தின் பின்னால் கொஞ்சம் ஆகாயமும் இருந்தன.

"ஆங், இது பரவால்ல. புது இடம் மாதிரிதான் இருக்கு. காபி போடு."

நான்கு நாளும் அவள் வீட்டுக்குள் வரவில்லை. குளிக்க மட்டும் வந்தாள். "அது கணக்குல வராது" என்றுவிட்டாள். காலையில் டிரெய்லர் படியில் உட்கார்ந்து, ஏழு அடி தூரத்தில் இருந்த சொந்த வாசலைப் பிறத்தியார் வீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "யார் வீடோ, சுண்ணாம்பு அடிச்சு ரொம்ப நாளாச்சு போல." சாப்பாடு டிரெய்லரின் மடக்கு மேசையில். மூன்று பேரும் முழங்கையை ஒடுக்கிக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒருவர் எழுந்தால் மற்ற இருவரும் எழ வேண்டும். கல்யாணமாகி இந்த மூன்று வருடத்தில் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை என்பது இரண்டாம் நாள்தான் தேதிக்கு உறைத்தது.

மூன்றாம் நாள் ஒரு பெண், கையில் சீருடைத் துணியோடு கதவைத் தட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"தையல்கார அக்கா இருக்காங்களா?"

"இல்லம்மா, வெளியூர் போயிருக்காங்க" என்றாள் நாத்தனார் சன்னலிலிருந்து.

அந்தப் பெண் விழித்தாள். "நீங்கதானே அக்கா…?"

"நான் டூரிஸ்ட்."

உள்ளே கட்டிலில் படுத்திருந்த கணவன் தலையணையில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினான். தேதிக்குச் சிரிப்பு வாய்விட்டே வந்துவிட்டது. அது அவளுடைய சத்தம்தான் என்று தெரிந்துகொள்ள மற்ற இருவருக்கும் ஒரு நொடி பிடித்தது.

நான்காம் நாள் டயர்க்கடைக்காரர் மூன்று டயரோடு வந்தார். இறக்கிய உடனேயே திருப்பிக் காட்டினார். "பாத்துக்கோங்கம்மா. போன மாசத்துச் சரக்கு." ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, நடுவிலிருந்த பேரிங்கை உருவியவர் உதட்டைப் பிதுக்கினார். கிரீஸ் காய்ந்து பழுப்பாய்ப் பொருக்குத் தட்டியிருந்தது. "அச்சு நல்லா நேரா இருக்கு. பேரிங்தான் பாவம், பட்டினி கிடந்திருக்கு." இரண்டு பக்கமும் கழுவித் துடைத்து, உள்ளங்கையில் புதுக் கிரீஸை எடுத்து இண்டு இடுக்கெல்லாம் அடைத்தார். அச்சில் ஒரு தகடு. தேதி துடைத்துப் படித்தாள். அச்சு தாங்குவது ஆயிரம் கிலோ. வெறும் வண்டியே எண்ணூற்று நாற்பது.

எடை பார்க்கும் கருவியை முற்றத்தில் வைத்து, ஒவ்வொரு பையாக ஏற்றி, ஒட்டுச்சீட்டில் எழுதி ஒட்டினாள். கடைசியாகக் கட்டிலடியில் போர்வை சுற்றிய ஒன்று இருந்தது.

"அது தலகாணிடி. விட்டுரு" என்றாள் நாத்தனார் அவசரமாக.

"தலகாணி பதினாலு கிலோவா அண்ணி?"

போர்வை நழுவியது. கைமெஷின். நாத்தனார் ஆகாயத்தைப் பார்த்தாள். "தைக்க மாட்டேன். சும்மா கூட வரட்டும். அதுவும் இருபத்தாறு வருஷமா அந்தச் செவுரதான் பாத்துக்கிட்டிருக்கு."

தேதி கூட்டிப் பார்த்தாள். ஆறு கிலோ அதிகம். நிறைத்து வைத்திருந்த இரண்டு தண்ணீர்க் கேன்களை இறக்கினாள். "தண்ணி போற இடத்துல கிடைக்கும்" என்று சொல்லி, மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் அச்சுக்கு நேர் மேலே, தரையோடு தரையாக வாரால் கட்டினாள். அதற்கும் ஒரு சீட்டு ஒட்டினாள். 'தலகாணி, 14 கிலோ.'

ஐந்தாம் நாள் காலை கிளம்பினார்கள். அறுபது கிலோமீட்டர் போனதும் நிறுத்தச் சொன்னாள் தேதி. புதிதாய் மாட்டிய சக்கரத்தின் நட்டுகளை ஒரு தடவை இறுக்க வேண்டும். சாலையோரம் பெரிய வயல்வெளி, காற்று. கணவன் ஸ்பேனரோடு குனிந்தான். அவன் எழுந்ததும் தேதி ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்தாள். இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பு.

"ஜுரம் இருக்கா?" என்றாள் நாத்தனார்.

"இல்ல அண்ணி."

நாத்தனாரும் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு டயரை உற்றுப் பார்த்தாள். புது ரப்பரில் ஆங்காங்கே சின்னச் சின்ன ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"என்ன இது, இவ்வளவு பிசிறோட குடுத்திருக்கான்?"

கைப்பையைத் துழாவினாள். சாலையோரப் புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நூல் வெட்டும் குட்டிக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக, அடியை ஒட்டி, ரப்பரில் படாமல் வெட்டத் தொடங்கினாள். கணவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். தேதி பார்க்கவில்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, வெட்டி விழும் கறுப்பு இழைகளைக் காற்று கொண்டுபோகாமல் உள்ளங்கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.