வரப்பில் வைத்துப் பார்த்த போன்

காத்தாயியின் பட்டன் போன் நாற்றங்கால் சேற்றில் விழுந்து உயிரை விட்டது. அங்கே தொடங்கினால் மற்றது தானாக வந்துவிடும், கண்ணுகளா. நாற்றுப் பறிக்கக் குனிந்தவளின் இடுப்பிலிருந்து நழுவிவிட்டது. கழுவித் துடைத்து அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாள். மறுநாள் எடுத்துப் பார்த்தால் அரிசியில் சேற்று வாசனை வந்ததே தவிர, போனில் வெளிச்சம் வரவில்லை.

போனால் போகட்டும் என்று விட முடியாது. குத்தாலத்துக்குத் தெற்கே, வாய்க்காலின் கடைமடையில் இருக்கிற ஊர் அவளுடையது. அங்கே நடவுக்குப் பெண்களைச் சேர்த்து அழைத்துப் போகிறவள் காத்தாயிதான். வயல்காரர்கள் கூப்பிடுவதும் அவள் எண்ணுக்குத்தான். அவள் எடுக்காவிட்டால் அடுத்த மணி நடவு மெஷின்காரருக்கு அடிக்கும். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது, அவரும் பிழைக்க வேண்டும். ஆனால் இவள் பின்னால் வருகிற பெண்களுக்கு அன்றைக்கு வேலை இல்லை.

இந்த முறை கூப்பிடப்போகிறவன் விஸ்வா. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அவன் அப்பா நாணு சாருக்கு முழங்கால் வலி, வரப்பில் நடக்க முடிவதில்லை. அதனால் மகன் போனிலேயே விவசாயம் பார்க்கிறான். காத்தாயியின் அம்மா அந்த வீட்டுத் தாத்தாவை ‘ஆண்டே’ என்று கூப்பிட்டுக் கைகட்டி நின்றவள். காத்தாயி பேரனைத் தம்பி என்கிறாள். அவனும் அம்மா போட்டுத்தான் பேசுவான்.

காலையில் பக்கத்து வீட்டுச் செம்மொழியின், சார்ஜரிலிருந்து எடுத்தால் அணைந்துவிடுகிற போனிலிருந்து அவனோடு பேசினாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடியோவில் கூப்பிடுவதாகச் சொன்னான். பரம்புப் பலகை ஓட்டிச் சேற்றைச் சமன் செய்த வயலில் தண்ணீர் எப்படி நிற்கிறது என்று வரப்பில் நின்று காட்டினால் நடவை அவளிடமே விடுவானாம். இல்லையென்றால் இன்றைக்கே மெஷினுக்குச் சொல்லியாக வேண்டும், முறை வைத்து விடுகிற வாய்க்கால் தண்ணீர் யாருக்கும் காத்திருக்காது என்றான். எந்த எண்ணுக்குப் போடுவது என்று கேட்டான்.

“எப்பவும் போடற நம்பர்தான் தம்பி,” என்றாள், செத்த போனிலிருந்து கழற்றிய சிம்மை முந்தானையில் முடிந்துகொண்டே.

செம்மொழியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு குத்தாலம் கடைத்தெருவில் ஜாஃபர் சாதிக்கின் மொபைல் கடைக்குப் போனாள். செம்மொழி வாய்க்காரி, ஆனால் அவளைவிட நேராக நடுகிறவள் அந்தக் கூட்டத்தில் இல்லை.

ஜாஃபர் இரண்டு போன்களை எடுத்து வைத்தார். ஒன்று பளபளவென்று புதுசு. ஒரு கம்பெனி அதைப் பாதி விலைக்குத் தருகிறது. ஆனால் இரண்டு வருஷத்துக்கு அந்தக் கம்பெனி சிம் மட்டும்தான் அதில் ஓடும், வேறு சிம்மைப் போட்டால் வாயே திறக்காது. மற்றது போன வருஷத்து மாடல், முதுகில் ஒரு கீறல். எந்தச் சிம்மையும் ஏற்கும், இரண்டு சிம் போடலாம். சலுகை கிடையாது, விலையும் அதிகம்.

செம்மொழி பளபளப்பின் மேல் கை வைத்துவிட்டாள். அவள் வீட்டுப் போனில் இருப்பதும் அதே கம்பெனி சிம்தான். படம் நிற்காமல் ஓடும்.

“இதை எடுக்கா. கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு.”

“ஒரே எடத்துல கட்டிப் போட்டுருக்காங்களேடி அதை.”

“கட்டுனா என்ன? நீ மாமாவைக் கட்டிக்கிட்டு இத்தனை வருஷம் ஓட்டலையா?”

ஜாஃபர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பழைய எண்ணையே அந்தக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம், அதுவரை புது எண் ஒன்று தருகிறேன் என்றார். அந்தப் போனில் ஒரு வீடியோவை ஓட்டிக் காட்டினார். தண்ணீர் மாதிரி ஓடியது. காத்தாயிக்கும் மனசு சாய்ந்துவிட்டது. சுருக்குப் பையைத் திறந்தவள், என்ன நினைத்தாளோ, மறுபடி இழுத்து மூடினாள்.

விதைநெல் வாங்கினால், விற்றவர் சொல்லை நம்பி அப்படியே நாற்றங்காலில் தெளித்துவிடுவோமா? ஒரு பிடியை ஈரத்துணியில் முடிந்து வைத்து, முளை வருகிறதா என்று பார்த்த பிறகுதானே? அதைத்தான் அவள் கேட்டாள்.

“பாய், கடைத்தெருவுல எல்லாந்தான் முளைக்கும். நான் நிக்கிற எடத்துல முளைக்குதான்னு பாத்துட்டு வாங்கிக்கறேன்.”

“போனை ஊறவெச்சுப் பாக்கணும்கிற ஆளை இப்பதாங்க பாக்கறேன்,” என்றார் ஜாஃபர்.

“அக்கா ஏற்கெனவே ஒண்ணை ஊறவெச்சிருச்சு பாய்,” என்றாள் செம்மொழி.

அவர் மறுக்கவில்லை. பிற்பகல் அஸர் தொழுகையை முடித்த கையோடு இரண்டு போன்களையும் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் ஊருக்கு வந்துவிட்டார். பளபளப்பில் அதன் சிம் இருந்தது. கீறல் போனில் காத்தாயியின் சிம்மைப் போட்டு, வாட்ஸ்அப்பையும் ஏற்றினார்.

வீட்டு வாசலில் பளபளப்புக்குச் சிக்னல் நிரம்பி நின்றது. காத்தாயியின் சிம் முக்கி முனகியது. செம்மொழி புருவத்தை உயர்த்தினாள். மூன்று பேரும் வாய்க்கால் கரையோடு நடந்தார்கள். மதகு வரைக்கும் பளபளப்பு தாக்குப்பிடித்தது. மூங்கில் கொத்தைத் தாண்டியதும் சிக்னல் கோடு குறைந்தது. விஸ்வாவின் வயல் வரப்பில் இறங்கியபோது எல்லாக் கோடும் போய், அது வெறும் கடிகாரமாகிவிட்டது. கீறல் போனிலோ கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

செம்மொழி நம்பவில்லை. பளபளப்பை வாங்கித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். கொக்குகள்தான் பறந்தன.

“அப்ப என் வீட்டுப் போனும் இப்படித்தானா பாய்?”

சார்ஜரை விட்டு நகர்ந்தே அறியாத போன் அது. அவளுக்கு எப்படித் தெரியும், பாவம். ஒவ்வொரு கம்பெனி டவரும் ஒவ்வொரு பக்கம் நிற்கிறது, வீட்டில் ஒன்று எடுக்கும், வயலில் இன்னொன்று எடுக்கும் என்று ஜாஃபர் சொன்னார். பளபளப்பை விற்றால் கம்பெனி அவருக்குத் தனியாக ஏதோ தரும். அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. பளபளப்பைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

காத்தாயி கீறலை விரலால் தடவிக்கொண்டு நின்றாள். இதை வாங்கினால், அறுப்புக்குப் பிறகு போட நினைத்திருந்த மூக்குத்தி தள்ளிப்போகும். அவள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் கையிலேயே மணி அடித்தது, விஸ்வாதான். ஜாஃபர் எங்கே தொட வேண்டும் என்று காட்டினார்.

“காத்தாயிம்மா, தெரியுது தெரியுது. அது யாரோட காலு?”

முழங்கால் வரை பேண்ட்டை மடித்துக்கொண்டு ஜாஃபர்தான் எதிரே நின்றிருந்தார்.

“போன் கடை பாய் காலு தம்பி. வயலு அதுக்குப் பின்னால இருக்கு.”

ஜாஃபர் ஒதுங்கினார். காத்தாயி வரப்போடு மெல்ல நடந்து நான்கு பக்கமும் காட்டினாள். வடக்கு மூலையில் மண் தலை நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் காட்டினாள்.

“இந்த மூலைல தண்ணி ஏறலை. யாரு எறங்கி நட்டாலும் நாத்து காயும். மண்ணைத் தள்ளிச் சமன் பண்ணணும் தம்பி.”

விஸ்வா அந்த மூலையை இன்னும் கிட்டத்தில் காட்டச் சொன்னான். காத்தாயி குனிந்து போனை நீட்டினாள்.

“சரிங்கம்மா. அதைச் சரி பண்ணிட்டு நாளன்னிக்கு ஆளுங்களோட எறங்கிடுங்க. மெஷின்காரருக்கு நான் சொல்லிக்கறேன்.”

காத்தாயி வரப்பிலேயே சுருக்குப் பையை அவிழ்த்தாள். வீட்டில் எடுக்கிற சிம் ஒன்றையும் மறுநாள் கடையில் வாங்கி அதே போனில் போட்டுக்கொண்டாள்.

நடவு அன்றைக்குப் போன் அவள் இடுப்பில் இல்லை. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். பாதி வயல் நட்டிருப்பார்கள், மணி அடித்தது. அவள் இரண்டு கையிலும் நாற்று முடி. பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த செம்மொழி புடவையில் கையைத் துடைத்து, எட்டி எடுத்துக் காதில் வைத்தாள்.

“காத்தாயி அக்கா போனுதாங்க. வயல்லதான் நிக்கிறோம், சொல்லுங்க.”