பெட்ஷீட்டுக்குப் பின்னால் ஒரு சபை

விசா கிடைக்காத ஆத்திரம் ஜாஸ்மிக்கு இன்னும் ஆறவில்லை. புதுக் கம்பெனிக்காரர்களை நாடு நாடாகப் பொறுக்கியெடுத்து, மூன்று மாதம் பயிற்சி கொடுத்து, கடைசி நாளில் தேறுகிறவர்களுக்கு முதல் போடுகிற நிறுவனம் ஒன்று பின்லாந்தில் இருக்கிறது. இந்த முறை அதில் இவளுக்கும் இடம் கிடைத்திருந்தது. மற்ற எல்லாரும் ஹெல்சிங்கியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். இவள் மட்டும் மார்த்தாண்டத்தில் லேப்டாப் முன்னால். இதில் தேறாவிட்டால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்.

அவள் செய்தது ஒரு கோல். ரப்பர் பாலில் முக்கினால் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிடும். முதலில் வாங்கினதே ரப்பர் மரம் வைத்திருக்கிற அவளுடைய சர்ச் சபைக்காரர்கள்தான்.

வீட்டு நெட்டை நம்ப முடியாதென்று, கடைசி நாளுக்குச் சபை ஹாலைக் கேட்டு வாங்கினார் அப்பா ஜெபதாஸ். அதோடு நின்றாரா மனுஷன்? ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பே கொடுக்க வைத்துவிட்டார். கடைசி நாளன்று அவள் ஹாலுக்குள் நுழைந்தால், பெஞ்சு பெஞ்சாக ஆள்! சிலர் கையில் பைபிள் வேறு.

"அப்பா, இது என்ன கன்வென்ஷனா? ஆரு இவங்கள விளிச்சது?"

"நல்ல காரியம்லா மக்ளே! சபை இல்லாம எப்படி?"

அழுகையே வந்துவிட்டது அவளுக்கு. மேற்கொண்டு சண்டை போட நேரமில்லை. கேமராவில் கூட்டம் தெரியாதபடி முதுகுக்குப் பின்னால் ஒரு பெட்ஷீட்டைக் கட்டித் தொங்கவிட்டு, "ஒரு அனக்கம், சத்தம் வரப்பிடாது, கேட்டியளா?" என்று எல்லாரையும் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

ஹெல்சிங்கி மேடையில் நேரில் பேசினவர்களுக்கெல்லாம் கைதட்டல். திரையில் வருகிற இவளுக்குக் கடைசி முறை. அதற்குள் அங்கே பாதிப் பேர் காப்பிக்கு எழுந்துவிட்டார்கள். பேசி முடித்ததும் கண்ணாடி போட்ட ஒரு நடுவர் அம்மா கேட்டாள்: "மற்றவர்களை நேரில் பார்த்துவிட்டோம். நீங்கள் எங்கேயோ தூரத்தில் இருக்கிறீர்கள். இதை நிஜமாகவே யாராவது பயன்படுத்துகிறார்களா?"

ஜாஸ்மி எழுந்து, பெட்ஷீட்டைப் பிடித்து ஒரே இழுப்பு.

"கோல் வச்சிருக்கவங்க கை தூக்குங்க!"

தூக்கினார்கள். முன் பெஞ்சில் இருந்த தங்கபாய்க்கு அது போதவில்லை. சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, சபையில் சாட்சி சொல்ல எழும்புவாளே, அப்படியே எழும்பினாள்.

"எனக்க பாலுல தண்ணின்னு வியாபாரி சொல்லுவாரு. நானும் தலையக் குனிஞ்சிட்டு வருவேன். இப்பம் கோல முக்கிக் காட்டுவேன். அவரு வாயத் தொறக்கணுமே! கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!"

"ஸ்தோத்திரம்!" என்றது ஹால் முழுக்க. அடுத்து பின் பெஞ்சிலிருந்து ஷைஜு எழும்பினான், அவனுக்குப் பின்னால் இன்னொருவர். ஒவ்வொன்றையும் ஜாஸ்மி நடுவர்களுக்கு இங்கிலீஷில் சொன்னாள். திரையில், காப்பிக்குப் போனவர்கள் கோப்பையோடு திரும்பி வந்து நின்றார்கள்.

முடிவை அப்போதே சொன்னார்கள். முதல் பெயரே ஜாஸ்மி! ஜெபதாஸுக்குப் பெருமை தாங்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மகள் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஆளக் கூட்டினதுக்குச் சண்ட பிடிச்சல்லா?"

ஜாஸ்மி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த தடவ ரெண்டு பெஞ்சு கூடப் போடுங்க அப்பா."