இருநூறு ஜோடி சப்பாத்து

கிள்ளானில் மூன்று அறை அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை புஷ்பவல்லி இருநூறு பேருக்குத் தீபாவளி விருந்து வைக்கக் காத்திருந்தாள். எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்ட கணவர் கன்னையா, பதில் கிடைத்ததும் கைலியை மாற்றிச் சட்டை போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். விருந்து மடிக்கணினிக்குள் என்று அவருக்கு விளக்க யாருக்கும் நேரமில்லை.

நீலத்தீவு ஒரு மெய்நிகர் உலகம். இணையத்தில் ஆளுக்கோர் உருவம் எடுத்துக்கொண்டு அங்கே நடக்கலாம், பேசலாம், வீடு கட்டலாம். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் எந்தக் கண்டெய்னர் எதன்மேல் உட்கார வேண்டும் என்று முடிவு செய்வது புஷ்பவல்லியின் உத்தியோகம். அதே கையால் இரண்டு வருடம் பாடுபட்டுத் தீவில் ஒரு வீடு எழுப்பியிருந்தாள். ஆனால் மனை தற்காலிகமானது. இன்று மாலை ஆறு மணிக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அவள் நடத்தும் திறந்த இல்ல உபசரிப்பில் இருநூறு பேர் வீட்டுக்குள் கால் வைத்தால் மனை நிரந்தரம். இல்லாவிட்டால் வீடு அழியும். தீவு நிர்வாகம் அதைச் 'சுத்தப்படுத்துதல்' என்று மரியாதையாக எழுதியிருந்தது.

வீடு கட்டுவதில் அவளுக்குக் கூட்டாளி நூர் முகமது. வேலை பெர்மிட்டில் வந்த ராமநாதபுரத்துக்காரன், பிரிக்பீல்ட்ஸில் ஓர் உணவகத்தின் மேற்பார்வையாளன். இருவரும் நேரில் பார்த்ததே இல்லை; ஆனாலும் ஒரு ஜன்னல் கம்பிக்காக மூன்று வாரம் பேசாமல் இருந்திருக்கிறார்கள். தீவில் அவன் சப்பாத்துக் கலைஞன். ஒவ்வொரு சப்பாத்தையும் பன்னிரண்டு துண்டாகச் செய்து சேர்ப்பான். நாடா நுழையும் ஓட்டைக்குக்கூடத் தனி வளையம். தீவில் நடமாடிய கால்களில் பெரும்பாலானவை அவன் சரக்கைத்தான் மாட்டியிருந்தன.

மூன்று மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். வந்தவர்கள் மலேசியர்கள். அதாவது, யாரும் சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றினார்கள். ஷா ஆலாமிலிருந்து ஒரு மலாய் அம்மா கழற்றினார். ஈப்போவின் சீனத் தம்பதி கழற்றினார்கள். டிராகன் உருவத்தில் வந்த ஒருவர் நாலு காலிலிருந்தும் கழற்றி வரிசையாக வைத்தார்.

எண்பது பேர் நுழைந்ததும் திரைச்சீலை காணாமல் போனது. அடுத்தது முறுக்குத் தட்டு. அப்புறம் கூரையில் பாதி. நீலத்தீவில் ஒரு மனைக்கு மூவாயிரம் துண்டுதான் அளவு; மீறினால் வீட்டுக்காரரின் பொருள்கள் ஒவ்வொன்றாக மறையும். காலில் கிடக்கும் சப்பாத்து கணக்கில் வராது. கழற்றி வைத்தால் வரும். விருந்தாளிகளின் மரியாதை வீட்டைத் தின்றுகொண்டிருந்தது.

தீவு நிர்வாகத்தின் பரிசோதகர் உடனே அறிவிப்பு விட்டார்: விருந்தினர் காலணியோடு உள்ளே செல்லலாம். அவ்வளவுதான், வரிசை அப்படியே நின்றுவிட்டது. அடுத்தவர் வீட்டுக்குள் சப்பாத்தோடு போவதைவிட அடுத்த ஹரி ராயாப் பெருநாள் வரை வெயிலில் நிற்கத் தயார் என்று ஈப்போத் தம்பதியின் நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். எண்ணிக்கை தொண்ணூற்று நாலில் உறைந்தது. மணி ஐந்து.

புஷ்பவல்லி நூரைக் கூப்பிட்டு, வளையங்களையாவது எடுத்துவிட முடியுமா என்று கேட்டாள்.

"என் செருப்பைக் குறை சொல்லாதீங்கக்கா."

"குறை சொல்லல தம்பி. அதுங்களுக்கு யார்டு பத்தலன்னு சொல்றேன்."

சொன்ன வாய் மூடவில்லை, அவளுக்குத் தன் உத்தியோகம் ஞாபகம் வந்தது. துறைமுகத்தில் கண்டெய்னரைத்தான் எண்ணுவார்கள்; உள்ளே கிடப்பதை அல்ல. நீலத்தீவிலும் மூடிய பெட்டி என்றால் ஒன்றுதான் கணக்கு. நாலே நிமிடத்தில் வாசலில் நாற்பதடிக் கண்டெய்னர் ஒன்றை இறக்கினாள்.

"ஜோடி மாறிப்போச்சுன்னா என் பேரு நாறிடும்," என்றான் நூர். "நானே நிக்கிறேன்."

இருபது மேசையில் யாருக்குச் சீனி குறைவு, யாருக்கு ஐஸ் வேண்டாம் என்று எழுதாமல் நினைவில் வைப்பவன் அவன். வாசலில் கிடந்தவற்றை எடுத்து, வந்த ஒவ்வொரு ஜோடியையும் வாங்கி, வரிசை சொல்லி, உள்ளே அடுக்கினான். கூரை திரும்பியது. முறுக்கு திரும்பியது. வரிசை நகர்ந்தது. ஐந்து ஐம்பத்திரண்டுக்கு இருநூறு. தீவில் வெடித்த வெடிச் சத்தத்துக்குக் கன்னையா எழுந்து பால்கனிக்கே போய்ப் பார்த்தார். அப்போதும் வரிசை நிற்கவில்லை.

ஆறு மணிக்குப் பரிசோதகர் முழங்கால் வரை பூட்ஸோடு வந்தார். குடியிருப்பு மனையில் கண்டெய்னர் எப்படி வந்தது என்று விசாரித்தார். எண்ணிப் பார்க்கச் சொன்னாள் புஷ்பவல்லி. எண்ணினார். ஒன்று.

மனையை நிரந்தரமாக்கும் கையெழுத்தை வீட்டுக்குள் வந்துதான் போட வேண்டும் என்பது தீவு நிர்வாகமே எழுதிய விதி. நிலைப்படியில் நின்றார். உள்ளேயிருந்து இருநூற்றுப் பதினேழு வெறுங்கால்காரர்கள் அவரைப் பார்த்தார்கள்.

பரிசோதகர் குனிந்து பூட்ஸைக் கழற்றினார்.

"பதினெட்டாவது வரிசை, மேல் அடுக்கு சார்," என்று வாங்கிக்கொண்டான் நூர்.

புஷ்பவல்லி அவரைப் பாயில் உட்கார வைத்து, முதலில் முறுக்கை நீட்டினாள். மனைப் பத்திரத்தில் அவர் அவள் பெயரை எழுதத் தொடங்கியதும் தடுத்தாள்.

"ரெண்டு பேர் லா, பாஸ். வாசல்ல நிக்கிறவரு பேரையும் போடுங்க."

வெறுங்காலோடு சம்மணமிட்டிருந்த பரிசோதகர் இரண்டு பெயரையும் எழுதினார்.