பாசிக்காரிக்கு ஓர் அம்புக்குறி

பாம்பனில் மூணு வருசத்துக்கு ஒருதரம் நடக்கும் கடல் கருத்தரங்கில், எந்த உயிரைப் பார்த்து வரைகிறார்களோ அந்த உயிர், கடைசிக் கோடு விழுந்ததும் படத்துக்குள் போய்விடும். எண்பத்தாறில், முதல் கூட்டத்தில், வாளியில் கிடந்த கிளாத்தி மீன் போனது. அந்தக் காலத்து விஞ்ஞானம் மீனை ஒத்தை ஒத்தையாகத்தான் பார்க்கும். நாலாவது கூட்டத்தில் எது எதைத் தின்கிறது என்று அம்புக்குறி போட ஆரம்பித்தார்கள். அம்பு தொட்ட உயிரும் சேர்ந்தே போகும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கடல்புல்லோடு, அதைத் தின்னும் கடல்பசுவான, கரையொதுங்கிக் கிடந்த ஆவுளியாவும் போய்விட்டது. ஒன்பதாவதில் சூடேறிய தண்ணீரையும் வெளுத்த பவளத்தையும் சேர்த்தார்கள். படம் சுவர் அகலத்துக்கு வளர்ந்தது. அங்கே கூட்டிப் பெருக்கும் கோகிலா, அதன் அடியில் சொட்டும் உப்புத்தண்ணீரைத் தினமும் துடைத்தாள். அட, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கு? ஒழுகுற கூரைக்கும் அவள்தானே துடைக்கிறாள்!

அநியாயம் அதற்கப்புறம்தான். படத்தில் இல்லாத எதுவும் பாசி விளையும் தீவுப்பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு வந்தது. காலில் தகடு கட்டி, விரலில் துணி சுற்றி, காலங்காலமாக முங்கிப் பாசி எடுத்த நாற்பது பொம்பளைகளின் சாக்கைப் பிடுங்கி விரட்டினார்கள். வயிறு எரியாதா? பதினாலாவது கூட்டத்தில்தான் மனுசரும் இதில் சேர்த்தி என்று கண்டுபிடித்தார்கள். முப்பத்தொன்பது வருசம் படித்துக் கண்டுபிடித்தது! வரைவதற்கு ஒருத்தி வந்து நின்றால் போதும், மற்றவர்களுக்கு வழி விடுகிறோம் என்றார்கள்.

தங்கச்சிமடத்து அற்புதம்மாள் போய் நின்றாள். புருசனைக் கடலுக்குக் கொடுத்தவள், முங்கி முங்கியே மகள் ஆஸ்லினைக் காலேஜ் வரை ஏற்றியவள். என்ன ஆகும் என்று தெரிந்தேதான் போனாள். பேராசிரியர் ராம்குமார் அவளை வரைந்து, பாசியிலிருந்து அவளுக்கு ஓர் அம்பு போட்டார்.

"உங்ககிட்டயிருந்து அம்பு யாருக்கும்மா போகணும்? உங்கள நம்பி யாரு இருக்கா?"

"நான்தான் சார், அவங்க மக," என்று வாசலில் நின்ற ஆஸ்லின் அழுதுகொண்டே ஓடி வந்தாள்.

அற்புதம்மாள் திரும்பியே பார்க்கவில்லை. "அது யாருன்னே தெரியல சார். எனக்கு யாருமில்ல. சட்டுன்னு முடிச்சுவிடுங்க."

முடித்தார். மறுநாள் முப்பத்தொன்பது பேரும் தீவுக்குப் போனார்கள், யாரும் மறிக்கவில்லை. இப்போது அங்கே பாடம் எடுக்கிறவர்கள் படத்தில் அற்புதம்மாள் இருக்கும் மூலையைக் காட்டி, யாருக்கும் அம்பு போகாத ஒரே உயிர் இது என்கிறார்கள். கடல் படிப்புப் படிக்கும் ஆஸ்லின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்கிறாள்.