ஒரு ‘நீ’க்காக ஒரு சீசன்

ஓபர்மூலி மைதானத்தில், ஆற்றுப் பக்கத்துக் கம்பியோரம், நானும் ஹெர் இம்ஹோஃபும் வருஷக்கணக்கில் தோளோடு தோள் நின்றிருக்கிறோம். அவர் மருந்துக்கடைக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். இளவயதில் இதே இரண்டாம் பிரிவு கால்பந்து ஆட்டங்களில் துணை நடுவராகக் கோட்டோரம் கொடி பிடித்தவர். நான் சிமெண்ட் ஆலை வேலைக்காக வேறு பள்ளத்தாக்கிலிருந்து வந்து சேர்ந்தவன். ஒரே தட்டில் கடுகு விழுதைத் தொட்டு சாசேஜ் தின்றோம், மழைக்கு ஒரே குடையில் ஒண்டினோம். ஆனாலும் எங்கள் பாஷையில் ‘திரு’வுக்குச் சொல்லும் ‘ஹெர்’ போட்டு, அவருக்கு நான் ‘ஹெர் ரிக்லி, நீங்க’. எனக்கு அவர் ‘ஹெர் இம்ஹோஃப், நீங்க’.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் அப்படித்தான். வளர்ந்த மனிதர்களுக்குள் ‘நீ’ தானாக வந்துவிடாது. மூத்தவர் கையை நீட்டி, தன் முதல் பெயரைச் சொல்லி, இனிமேல் ‘நீ’ என்றே கூப்பிடு என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் ஆயுசுக்கும் சிநேகிதம். இளையவன் அதை வாய்விட்டுக் கேட்கக் கூடாது, கேட்டால் மானம் போச்சு. அந்த ஊரில் என்னை ‘நீ’ என்று சொல்ல ஒரு ஜீவன் கிடையாது. இவர் ஒருவர் சொன்னால் போதும் என்றிருந்தது. வெட்கம் என்ன, ஏங்கித்தான் போனேன்.

எண்பத்து நாலில் எங்கள் அணிப் பயல்களுக்கு என்ன வந்ததோ, ஆகஸ்டில் ஜெயிக்க ஆரம்பித்தவர்கள் நிறுத்தவே இல்லை. தச்சன், தபால்காரன், பள்ளிக்கூட வாத்தியார் என்று பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு சாயங்காலம் பயிற்சிக்கு வருகிற கூட்டம் அது. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை பந்து ஆற்றில் விழுந்துவிட்டது. வலைக்கழியோடு ஆள் ஓடிக்கொண்டிருந்தபோது ஹெர் இம்ஹோஃப் தொண்டையைச் செருமினார்.

“ஹெர் ரிக்லி, நம்ம பசங்க மேல் பிரிவுக்குப் போயிட்டாங்கன்னா, இந்த ‘நீங்க’வ விட்டுடலாம்னு பாக்கறேன்.”

“உங்க இஷ்டம், ஹெர் இம்ஹோஃப்,” என்றேன். பந்து எப்போது ஆற்றிலிருந்து திரும்பி வந்தது என்று நான் பார்க்கவே இல்லை.

பனி விழுந்ததும் ஆட்டங்கள் நின்றுபோயின. அந்தக் குளிர்காலம் முழுக்க இருமலே இல்லாமல் இருமல் மிட்டாய் வாங்க அவர் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவரோ பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, “மார்ச்ல பாக்கலாம், ஹெர் ரிக்லி,” என்பதோடு சரி. கல்லுளிமங்கன்!

ஜூனில் கடைசி ஆட்டம், எங்கள் மைதானத்திலேயே. ஜெயித்தால் மேலே போகலாம், டிரா ஆனால் இருந்த இடம்தான். ஒன்றுக்கு ஒன்று என்று இழுத்துக்கொண்டே போய், முடியப்போகிற நேரத்தில் தச்சன் லூத்தி தலையால் முட்டிய பந்து வலைக்குள் போனது. கூட்டம் கையில் கொண்டுவந்து ஆட்டிய மாட்டுமணிகள் காதைப் பிளந்தன. ஹெர் இம்ஹோஃப் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தார், தொப்பி எங்கேயோ பறந்தது.

“டேய் யோஸ்ட்! மேல போயிட்டோம்டா! நான் மெல்கியோர்டா! இனிமே நீயும் ‘நீ’ன்னே கூப்பிடுடா!”

“மெல்கியோர்!” என்றேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்.

எதிர்க் கோட்டோரத்தில் கொடி உயர்ந்திருந்தது. கோல் செல்லாது என்று நடுவர் கையைக் காட்டினார். ஹெர் இம்ஹோஃப் என்னை விட்டுவிட்டு, தொப்பியைத் தேடி எடுத்துத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டார்.

“கொடி சரிதான். ஆஃப்சைடு. மன்னிக்கணும், ஹெர் ரிக்லி, நான் அவசரப்பட்டுட்டேன். நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க.”

ஐயோ, அந்த ‘நீங்க’! ஆட்டம் டிரா ஆகி, ஊரே மேல் பிரிவை நினைத்து அழுதுகொண்டு கலைந்தது. எனக்கோ கைக்கு எட்டிய ‘நீ’ போனதுதான் நினைப்பு. சாசேஜ் கடை வரிசைக்கு முன்னால் வந்ததும் அடக்க முடியவில்லை.

“அது ஆஃப்சைடே இல்ல! உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?”

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கடைக்காரர் இடுக்கியைத் தூக்கியபடி சிலையானார். ஊர்ப் பெரிய மனுஷரை, மருந்துக்கடைக்காரரை, வந்தேறி ஒருவன் ‘நீ’ போட்டுப் பேசுகிறான்! ஹெர் இம்ஹோஃபின் காது சிவந்தது.

“யாருக்குடா கண்ணு அவிஞ்சுது? கொடி பிடிச்ச எனக்கே பாடம் சொல்றியா? லூத்தி ஒரு அடி முன்னால நின்னான்!”

“கால் கட்டைவிரல்கூட முன்னால இல்ல!”

“போடா குருட்டுப் பயலே!”

“நீ போய்யா, கெழவா!”

பாலம் தாண்டி, தேவாலயம் தாண்டி, அவர் கடைவாசல் வரை கத்திக்கொண்டே போனோம். சாவியைப் பூட்டில் நுழைத்தவர் அப்படியே நின்றார்.

“யோஸ்ட், வழியெல்லாம் எத்தன வாட்டி ‘நீ’ன்னுட்டோம்?”

“யாரு எண்ணினா?”

“இனிமே ‘நீங்க’ன்னு ஆரம்பிச்சா ஊரே சிரிக்குமே.” கையை நீட்டினார். “மெல்கியோர்.”

“யோஸ்ட்,” என்று பிடித்துக்கொண்டேன்.

“ஆனா ஆஃப்சைடுதான்,” என்றார்.

நாங்கள் மேலே போகவே இல்லை, கொஞ்ச வருஷத்தில் கீழே இறங்கியும் விட்டோம். ஆனால் அந்தக் கோலை வைத்துச் சண்டை போடாமல் நாங்கள் ஓர் ஆட்டம் பார்த்ததில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட, “ஒரு அடிடா,” என்று கையால் அளந்து காட்டினான் மெல்கியோர்.

இப்போதெல்லாம் பார்த்த மாத்திரத்தில் எல்லோருக்கும் ‘நீ’தான். சாசேஜ் கடைப் பெண், “உனக்குக் கடுகு வேணுமா?” என்கிறாள். வேணும் என்கிறேன். வாங்கிக்கொண்டு பழைய கம்பியோரம் போய் நிற்கிறேன். ஆட்டம் முடிந்து கூட்டம் கலையும்போது, “அது ஆஃப்சைடே இல்ல, மெல்கியோர்,” என்று சத்தமாகவே சொல்லிப் பார்க்கிறேன். யாரும் சண்டைக்கு வருவதில்லை.